முதுகு காட்டாத திருடன்

நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு பீர் சாய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை.

நிம்மலகோட்டை பீர் சாவடியின் மேடையில் ஏழு பீர்கள் நிற்க வேண்டும். மொகரத்துக்கு ஊர் கும்பிடும், ஐந்து விரல் விரித்த பித்தளைக் கைகள். ஒவ்வொன்றுக்கும் பட்டுத் துணி, சந்தனம், மல்லிகைச் சரம். இன்று ஆறுதான் இருந்தன. நடுவில், பெரிய பீர் நிற்கும் குழி காலி. பக்கத்துப் பிடிமானம் போனதில் சின்ன பீர் மெல்ல மெல்லச் சரிந்தது.

கான்ஸ்டபிள் ஓபுலேசு வாசற்படியிலிருந்து பாயப்போனான். "புடிங்கய்யா, விழப்போகுது!"

"தொடாதே!"

நாற்பது தொண்டைகள். ஓபுலேசு ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்தான். சின்ன பீர் சுவரில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டது.

"சார், காலை இறக்கலாமா? இல்ல இப்படியே நின்னா எனக்கும் மாலை போடுவாங்களா?"

"இறக்கு. பின்பக்கமா" என்றேன்.

ஊர்த் தலைவர் பாலி ரெட்டி முன்னால் வந்தார். அறுபது வயது. வெள்ளைத் துண்டு, வெற்றுக் கால்.

"காசிம் சார், உங்க ஆளுக்குச் சொல்லி வைங்க. பீருக்குப் பூசை செய்யுற முஜாவர் வீட்டு ஆம்பளைங்க கை மட்டும்தான் பீர் மேல படலாம். என் பேரன் இந்தச் சாமி குடுத்த பிச்சை. நானே இன்னிவரைக்கும் தொட்டதில்ல."

"முஜாவர் எங்கே?"

"லாலப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். விடியக்காலைல விளக்கேத்த வந்தாரு. வாசல்ல நின்னு பார்த்தாரு. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு இங்கேயே விழுந்துட்டாரு. அதுக்கப்புறம் யாரும் உள்ள போகல. முஜாவர் போகாம நாங்க போக மாட்டோம்."

சாவடிக்கு எதிரே தீக்குண்டம் எரிந்துகொண்டிருந்தது. புளியங்கட்டை. தப்பு அடிப்பவர்கள் தோலைத் தீயில் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மொகரம் ஒன்பதாம் நாள். வேறு எந்த வருஷமும் இந்நேரம் ஊர் அதிர்ந்துகொண்டிருக்கும்.

"நாலு மணிக்குப் பெரிய பீர் குண்டத்துல இறங்கணும்" என்றார் ரெட்டி. "போன வருஷம் இறங்கினதுல லாலப்பாவுக்கு ரெண்டு கால்விரல் போச்சு. சக்கரை வியாதி. இந்த வருஷமும் நான்தான் இறங்குவேன்னாரு. அது பக்தி. அவருக்குப் போய் இப்படி ஒருத்தன் பொறந்தான்."

"யாரு?"

"இன்னும் தெரியலையா? பீரப்பா. அப்பன் ஆசையா வெச்ச பேரு. ஓதப் போன ஊர்ல பேரை மாத்திக்கிட்டு வந்தான். அஹத்தாம். கடைவீதில மோட்டார் காயில் கட்டுறான். மூணு வருஷமா ஒரே பாட்டு. இது சிலை, இதைக் கும்பிடுறது அல்லாவுக்கு இணை வெக்கிறதுன்னு. போன வருஷம் இதே நாள்ல என்ன செஞ்சான் தெரியுமா? நடுச் சாவடியில நின்னு அதைச் சொல்லிட்டு, பீருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நேரா நடந்து போனான். இந்தச் சாவடியில பீருக்கு முதுகு காட்டின மனுஷன் அவன் ஒருத்தன்தான். நாங்கெல்லாம் பின்பக்கமா நடந்துதான் வெளிய வருவோம். கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்ற பொம்பளைகூட."

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "பேச்சு என்னத்துக்கு? கடையோட கொளுத்துவோம்!"

தெருக்கோடியில் அந்தக் கடை தெரிந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் இருபது பேர். ஒருவன் மடியில் மண்ணெண்ணெய் கேன். குழந்தையைப்போல் அணைத்து வைத்திருந்தான்.

வயர்லெஸ்ஸில் கேட்டேன். மாவட்டத்துப் போலீஸ் முழுக்க ஊர்வலப் பந்தோபஸ்தில். ஆள் வர நாலு மணி தாண்டும் என்றார்கள்.

மணி பதினொன்று. நாங்கள் இரண்டு பேர்.

"நீங்களும் அவங்க ஆளுதானே, காசிம் சார்?" ரெட்டி என் முகத்தையே பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இது சாமியா, சிலையா?"

"காணாமப் போன பொருள்" என்றேன். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன். அதில் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. என்னுடையது அல்ல. எட்டு மாதமாக இருக்கிறது. ஓபுலேசு அதைப் பற்றி மட்டும் எதுவும் கேட்பதில்லை.

வாசலில் குனிந்தேன்.

இரவு கடைசியாகப் போகும்போது லாலப்பா குண்டத்துச் சாம்பலைச் சலித்து, வாசலிலிருந்து மேடை வரைக்கும் பரப்பிவிட்டுப் போவார். விடிந்ததும் ஊரார் அதை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். இன்று யாரும் இடவில்லை. சாம்பல் அப்படியே கிடந்தது. அதில் காலடிகள். இரண்டு வரிசை. இரண்டும் மேடையைப் பார்த்தே போயின. வெளியே வந்த தடம் இல்லை.

"ரெண்டு பேர் உள்ள போயிருக்கான். ஒருத்தனும் வெளிய வரல" என்றார் ரெட்டி. குரல் தாழ்ந்தது. "இது மனுஷ வேலை இல்லன்னு பாதி ஊர் சொல்லுது. பீர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு."

"ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டுப் போனா ரெண்டு தடம் வெளியதானே போகணும்" என்றான் ஓபுலேசு. ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஓபுலேசு, ரெண்டும் ஒரே அளவா பாரு."

தொடாமல் கையால் அளந்தான். "ஒரே கால், சார். எட்டாம் நம்பர் செருப்பு. ஆனா செருப்பு போடல. ஒரே ஆள் ரெண்டு தரம் உள்ள போயிருக்கான். நடுவுல பறந்து வெளிய வந்திருக்கான்."

"முதல் வரிசையில எது ஆழம்?"

"குதிகால்."

"ரெண்டாவதுல?"

அவன் சாம்பலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "விரல் ஆழமா இருக்கு, சார். குதிகால் இழுபட்டிருக்கு. அடியும் சின்னச் சின்ன அடி." வாயைப் பொத்திக்கொண்டான். "பின்பக்கமா நடந்து வந்திருக்கான்!"

நிமிர்ந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"திருடன் பீரை எடுத்தான். அதுக்கு மேல இருந்த பட்டுத் துணியை அழகா மடிச்சு மேடையில வெச்சான். அங்க பாருங்க. பக்கத்துல இருக்கிற வெள்ளிக் குடையைத் தொடல. அப்புறம் மிச்சம் நின்ன ஆறு பீருக்கும் முதுகு காட்டாம பின்னால நடந்து வெளிய வந்தான். அந்த நேரத்துல பார்க்க ஆளே இல்ல. இருந்தும் காட்டல. பீரைச் சிலைன்னு சொல்றவன் இப்படி நடப்பானா? ரெட்டி, நீங்களே சொன்னீங்க. இந்த ஊர்ல முதுகு காட்டினவன் ஒருத்தன்தான்னு."

ரெட்டி நீண்ட நேரம் சாம்பலைப் பார்த்தார்.

"அப்ப அவன் இல்ல" என்றார், மனமில்லாமல். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நாலு மணி வரைக்கும் யாரும் அந்தக் கடை மேல கை வெக்கக் கூடாது. அதுக்கப்புறம் என் பேச்சு நிக்காது."

கூட்டம் அசைந்தது. ஒவ்வொருவன் கண்ணும் பக்கத்தில் நின்றவன் காலுக்குப் போனது. ஒரு கடையைக் காப்பாற்றிவிட்டு ஊர் முழுக்கச் சந்தேகத்தை இறக்கிவிட்டிருந்தேன்.

கிளம்பும்போது, கதவோரம் திறந்து கிடந்த தகரப் பெட்டி கண்ணில் பட்டது.

"இதுல என்ன இருந்தது?"

ரெட்டி எட்டிப் பார்த்தார். "வெள்ளைத் துணி. காணோமே! நாளைக்குப் பத்தாம் நாள். பீரைக் கிணத்துல இறக்கி, அந்தத் துணியில சுத்தி, பெட்டியில வெச்சுடுவோம். தண்ணி பட்டா பீர் அடங்கிட்டாருன்னு அர்த்தம். அப்புறம் அடுத்த மொகரம்தான்."

"கிணறு எங்கே?"

---

கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தோம். புதிதாய் விதைத்த மண். வெயில் கண்ணைக் குத்தியது. பின்னால் தப்புச் சத்தம் வரவே இல்லை.

"திருடன் ரொம்ப நல்லவன், சார்" என்றான் ஓபுலேசு. "துணி மடிக்கிறான். மரியாதை குடுக்கிறான். கூடவே பொணத்தைச் சுத்துற கபன் மாதிரி அந்த வெள்ளைத் துணியும் எடுத்துட்டுப் போறான். என் மச்சானுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது, என் தங்கச்சியை இவனுக்கே குடுத்திருக்கலாம்."

"பேசாம வா."

"பேசாம வந்தா பயமா இருக்கு, சார். ஒண்ணு கேக்கறேன். பக்தன்தான் பின்னால நடப்பான். சரி. ஆனா பக்தன் பீரைத் தொடமாட்டானே? காலைல அந்தச் சின்னது விழப்போச்சு, நாற்பது பேரும் சிலை மாதிரி நின்னாங்க. தொடுறவன் பக்தன் இல்ல. பக்தன் தொடமாட்டான். ஆக, யாருமே திருடல. கேஸை மூடிட்டு சாப்பிடப் போலாம்."

நின்றேன்.

"என்ன சார்? சாப்பிடப் போறோமா?"

"தொடுறதுக்கு உரிமை இருக்கிற பக்தன்."

"அப்படி ஒருத்தர்தான் இருக்காரு. அவருக்கு நெஞ்சுவலி. ரெண்டு விரல் வேற இல்ல, சார். சாம்பல்ல பத்து விரலும்..." ஓபுலேசுவின் குரல் நின்றது. "முஜாவர் வீட்டு ஆம்பளைங்கன்னு சொன்னாரு ரெட்டி. ஆம்பளைங்க."

நடையை எட்டிப் போட்டோம். கிணறு வந்துவிட்டது.

கல் கட்டிய பழைய கிணறு. பச்சைத் தண்ணீர். படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. ஓபுலேசு சுற்றி வந்தான். இரண்டாம் முறை சுற்றும்போது மண்டியிட்டான். கல்லில் அடித்திருந்த இரும்பு வளையத்தில் ஏதோ மின்னியது. மோட்டார் காயில் கட்டும் செப்புக் கம்பி. நாலு இழையை ஒன்றாக முறுக்கியது. கல்லின் நிறத்தோடு கலந்து, தண்ணீருக்குள் போயிற்று.

"சார்."

"இழு. மெதுவா."

வெள்ளை மூட்டை ஒன்று மேலே வந்தது. தலைப் பக்கம் ஒரு முடிச்சு. நடுவில் ஒன்று. கால் பக்கம் ஒன்று. நான் அப்படி மூன்று முடிச்சுகளை எட்டு மாதத்துக்கு முன் அப்பாவின் குழிக்குள் இறங்கி அவிழ்த்திருக்கிறேன். விரல்கள் அதை மறக்கவில்லை.

"திரும்ப இறக்கிடு" என்றேன்.

"என்னது?"

"நாம தொடக்கூடாது, ஓபுலேசு."

நுனியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டுக் கம்பியை மட்டும் முறித்து எடுத்துக்கொண்டேன்.

---

கடையின் பின்கதவு வழியாகப் போனோம். கிரீஸ் வாடை. பிரித்துப் போட்ட மோட்டார்கள். நடுவில் அஹத் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது இருக்கும். ஒட்ட நறுக்கிய மீசை, தாடி, வெள்ளைத் தொப்பி. ஷட்டரின் இடுக்கு வழியாக வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா எப்படி இருக்காரு, சார்? என்னைப் போகவிட மாட்டேங்கறாங்க."

"மூச்சு இருக்கு. கண் முழிக்கல."

செப்புக் கம்பித் துண்டை அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். பொய் சொல்லப் பார்ப்பான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"டாக்டர் சொன்னாரு, சார். இன்னொரு தடவை தீயில இறங்கினா பாதத்தையே எடுக்கணும்னு. அப்பாகிட்ட சொன்னேன். உன்கூட எனக்குப் பேச்சில்லன்னுட்டாரு. ரெட்டிகிட்ட கெஞ்சினேன். நம்பாதவன் பேச்சு எதுக்குன்னாரு. தண்ணி பட்டா அடங்கிடும்ல? அடங்கிட்டா குண்டம் இல்ல. அதான் எடுத்தேன். அவரு வாசல்லயே விழுவாருன்னு..." உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"கிணத்துல தூக்கிப் போட்டிருந்தா ஆயிரம் வருஷத்துக்கும் அடங்கியிருக்கும். ஏன் கட்டி இறக்கின?"

"போடத்தான் போனேன்."

"பித்தளைதானே?"

"பித்தளைதான். பன்னெண்டு கிலோ. மூணு வருஷமா நான்தானே சொல்றேன்." கைகளை விரித்து அவனே பார்த்தான். "கை விடல, சார்."

"சாவடியில இருந்து எப்படி வெளிய வந்த?"

"நடந்து."

"எப்படி நடந்து?"

பதில் சொல்ல வாயெடுத்தான். நின்றான். தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான். அவை யாருடையவோ என்பதுபோல் பார்த்தான்.  அவனுக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

"யாரும் பார்க்கலையே" என்றான்.

"பார்க்கல. அதனாலதான் அந்த நடை தானா வந்திருக்கு."

"அல்லா பார்த்திருப்பான்."

 என் கை பையில் இருந்ததை அவன் கவனித்தான். கண்ணாடியின் காம்பு வெளியே தெரிந்தது.

"அது என்ன, சார்?"

"கண்ணாடி. வெறும் கண்ணாடி."

அவன் ஷட்டர் இடுக்குப் பக்கம் திரும்பினான்.

"கேளு" என்றேன். "நாலு மணிக்குள்ள பெரிய பீர் மேடையில நிக்கணும். இல்லன்னா அந்தக் கேன்காரன் எழுந்திருப்பான். கிணத்துல இருந்து தூக்க இந்த ஊர்ல உன் கை ஒண்ணுதான் இருக்கு."

"நானா? ஊர் முன்னால தூக்கினா நான் இவ்வளவு நாள் சொன்னது?"

"பித்தளையைத் தூக்குற. அவ்வளவுதான். ஆனா வெச்சுட்டு வெளிய வரும்போது திரும்பி, முதுகு காட்டி வரணும். திருடன் பின்னால நடந்தவன்னு நான்தான் ஊருக்குச் சொல்லிக் குடுத்தேன். ரெட்டி உன் காலைத்தான் பார்ப்பாரு. ஒரு அடி பின்னால வெச்ச, நீ செத்த."

"அது எனக்குக் கஷ்டமா, சார்? போன வருஷம் நடந்தேனே."

"போன வருஷம் உனக்குக் கோபம் இருந்தது."

ஓபுலேசு கதவைப் பிடித்தபடி முணுமுணுத்தான். "உலகத்துல முதல் தடவையா, சார், ஒருத்தன் உயிர் பிழைக்க சாமியை அவமானப்படுத்தணும்."

---

பெரிய பீர் கிணற்றில் இருப்பதாக ஊராரிடம் சொன்னேன். யார் போட்டது என்பது விசாரணையில் இருக்கிறது என்றேன்.

ரெட்டி கேட்டது ஒன்றுதான். "தண்ணி பட்டுடுச்சா?"

"பட்டுடுச்சு."

அவர் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப குண்டம் இல்ல. என் வயசுக்கு இப்படி ஒரு வருஷம் வந்ததில்ல." பிறகு எழுந்தார். வேறு வழியில்லாமல் அந்தப் பெயரைச் சொன்னார். "பீரப்பாவைக் கூப்பிடுங்க. அவன் கைதான் இருக்கு."

அஹத் கிணற்றிலிருந்து அதை எடுத்தான். துணி பிரித்தான். இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் ஏந்தி வந்தான். ஈரம் முழங்கை வழியே சொட்டியது. இருபுறமும் ஜனம். பெண்கள் அழுதார்கள், பீருக்காக. ஆண்கள் பல்லைக் கடித்தார்கள், அவனைப் பார்த்து. கேன்காரன் கூடவே நடந்து வந்தான்.

சாவடிக்குள் போனான். பெரிய பீரைக் குழியில் நிறுத்தினான். பிறகு, யாரும் சொல்லாமலே, காலையிலிருந்து சுவரில் சாய்ந்து கிடந்த சின்ன பீரை நேராக நிமிர்த்தி வைத்தான்.

மேடைக்கும் வாசலுக்கும் எட்டடி. நான் வாசலில் நின்றேன். ரெட்டி எனக்குப் பக்கத்தில். சொல்லி வைத்ததுபோல் ஒவ்வொரு தலையும் குனிந்திருந்தது. எல்லோரும் அவன் காலைப் பார்த்தார்கள்.

அஹத் அசையவில்லை. தப்புக்காரர்கள் மூச்சை நிறுத்தியிருந்தார்கள். அவனுடைய வலது குதிகால், மெல்ல, ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

படீரென்று ஒரு சத்தம். ஓபுலேசுவின் லத்தி கல்தரையில் உருண்டது. "மன்னிச்சுக்குங்க, கை வேர்த்துப் போச்சு."

அஹத் திரும்பினான்.

ஒரு அடி... இரண்டு... மூன்று. ஏழு பீருக்கும் முதுகைக் காட்டி, நேராக, எங்களைப் பார்த்து நடந்தான். கூட்டம் உறுமியது. யாரோ காறித் துப்பினார்கள். ஒரு செருப்பு பறந்து வந்து அவன் தோளில் பட்டது. எல்லோரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை நான் ஒருவன்தான் பார்த்தேன். ஒரு மனிதனைக் குழிக்குள் வைத்துவிட்டு மேலே ஏறி வருகிறவனின் முகம். அதை என்னால் தவறாகப் படிக்க முடியாது.

கேன்காரன் கேனைத் தரையில் வைத்தான். "இவன் இல்லடா. இவனுக்கு ஏது அந்தப் பயம்?" கூட்டம் மெல்லக் கலைந்தது. அஹத் டவுன் பஸ் நிற்கும் பக்கமாகப் போனான். யாரும் தடுக்கவில்லை.

ஓபுலேசு காதோரம் வந்தான். "சார், போன் வந்தது. லாலப்பா கண் முழிச்சுட்டாராம். முதல் வார்த்தை, குண்டம் ஆச்சான்னு."

ரெட்டி சாவடிக்குள்ளே போய் நின்றிருந்தார். மேடைக்குக் கீழே, சாம்பலில், ஒரு குதிகால் பின்னோக்கி இழுபட்ட சின்னக் கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பாதத்தால் அதை மெதுவாகத் தேய்த்து அழித்தார்.

"காசிம் சார், ஒண்ணுதான் புரியல. திருடன் பக்தன்னு சொன்னீங்க. சரி. பக்தன் எப்படித் தொட்டான்?"

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"வேணாம், விடுங்க. பீர் அடங்கிட்டாரு, கேஸும் அடங்கட்டும். அடுத்த மொகரத்துக்கு எழுந்திருப்பாருல்ல." குரலில் கோபமே இல்லை.  "லாலப்பாவால இனிமே முடியாது. பீரைத் தூக்கிட்டுத் தீயில இறங்க அந்த வீட்ல ஆம்பளை வேணும். இருக்கான். பீரைத் தொடத் தெரிஞ்சவன்தான்னு இன்னிக்கு ஊரே பார்த்துச்சு."

அவர் பீர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்.

எதிரே, குண்டத்தில் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். புகை எழுந்து சாவடி வாசலை மறைத்தது. அதற்குள்ளிருந்து ரெட்டியின் குரல் மட்டும் வந்தது.

"எரியாத கட்டைங்களை நனைக்காம எடுத்து அடுக்குங்கடா. அடுத்த வருஷத்துக்கு வேணும்."